சீனத்து வளையமும் பிளானோ மேடையும்

1

வணக்கம் சொல்லாமல் தொடங்குகிறேன், பொறுத்தருள்க. மேடையில் வளர்ந்தவள் வணக்கமின்றி வாய் திறப்பது, எங்கள் மேலப்பாளையத்துக் கல்யாண வீட்டில் பிரியாணி இல்லாமல் பந்தியை எழுப்புவதற்குச் சமம் என்பதை நான் நன்கு அறிவேன். ஆயினும் இந்தக் கட்டுரையில் வணக்கத்துக்கு உரிய இடம் முதல் வரியன்று. அது ஏன் என்பதைச் சொல்வதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஷமீமா. பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், வழக்காடு மன்றம், சுழலும் சொல்லரங்கம் என்று பாளையங்கோட்டையில் கல்லூரி நாள்களில் நான் ஏறாத மேடை இல்லை. ஏறிய மேடையில் தோற்று இறங்கியதும் இல்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டு அலமாரியைப் பார்க்கலாம். கோப்பைகள் இடம் போதாமல் அடுப்படிவரை வந்துவிட்டன. மாநில அளவில் வாங்கிய பெரிய கோப்பையில் உம்மா புளி போட்டு வைத்திருக்கிறார்.

திருமணமாகி டெக்சசின் பிளானோ நகருக்கு வந்தேன். கணவர் ரியாஸ் லெகசி வட்டாரத்தில், கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி மாளிகையில் கணிப்பொறிப் பணி செய்கிறார். என் விசா கணவரைச் சார்ந்த விசா. அதன்படி நான் இந்த நாட்டில் வாழலாம், சமைக்கலாம், வரி கட்டும் ஒருவரோடு சண்டை போடலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது.

என் பெயரையும் இந்த நாடு தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாதே என்று வாப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் மருத்துவமனையிலும் நான் ‘காதர்’. ரியாஸுக்கு அவருடைய வாப்பாவின் பெயர். ஆகவே அவர் ‘உசேன்’. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு, நாங்கள் இருவரும் மெய்யாகவே கணவன் மனைவிதானா என்று மூன்று விதமாகக் கேட்டார். எங்கள் தபால் பெட்டிக்கு நாள்தோறும் வருகிறவை எல்லாம் இரண்டு சம்பந்திகளுக்கும் வரும் கடிதங்கள்தாம். நாங்கள் அவர்கள் சார்பில் பிரித்துப் படிக்கிறோம்.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. இங்கே எனக்கு மேடை இல்லை. ஒலிபெருக்கியின் கரகரப்பு இல்லை. ‘அடுத்துப் பேச வருகிறார்’ என்று நீட்டி முழக்கும் குரல் இல்லை. குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்பதைக்கூட நான் மூன்று கருத்துகளாகப் பிரித்து நிறுவத் தொடங்கியபோது ரியாஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஷமீ, நான் நடுவர் இல்ல. எனக்குப் பசிக்குது.”

2

என் துயரம் கண்டு இரங்கியவர் வசந்தி ஆன்ட்டி. எதிர்வீட்டுக்காரர், சென்னைக்காரர், பல் மருத்துவர். நகர நூலகத்தின் ஓர் அறையில் மாதம் இருமுறை கூடும் பேச்சாளர் மன்றத்தில் அவர் உறுப்பினர். “வாயேன்மா, அங்க போய்ப் பேசு. ரியாஸ் பாவம்” என்று என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டார்.

போகிற வழியில் ஒரு செய்தியும் சொன்னார். வசந்த காலத்தில் நகரத்தின் திறந்தவெளிப் புல்தரையில் ஒரு விழா. அங்கே பெரிய மேடை, பெரிய ஒலிபெருக்கி, ஊரே திரண்டு உட்காரும். மன்றத்தின் சார்பில் ஒரே ஒருவர் அந்த மேடையில் பேசுவார். அடுத்த இரண்டு கூட்டங்களில் பேசுகிறவர்களிலிருந்து அவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மேடை! அந்தச் சொல் என் காதில் விழுந்த கணத்திலேயே தேர்தல் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் கேரல் என்ற வெள்ளிமுடி அம்மையார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு மூலையில் மூன்று சிறு விளக்குகள். முன்தயாரிப்பு இல்லாமல் பேச வேண்டும், கொடுக்கும் படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் என்றார்கள்.

“அடுத்து, காதர்!” என்றார் கேரல். மேலப்பாளையத்தில் உறங்கிக்கொண்டிருந்த வாப்பாவின் சார்பில் நான் எழுந்தேன்.

திரையில் படம் விழுந்தது. சீனாவின் வடகிழக்கே ஃபூஷுன் என்றொரு நகரம். அங்கே நீர்நிலையின் ஓரத்தில், எஃகால் கட்டிய ஒரு மாபெரும் வளையம் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடங்களெல்லாம் அதன் காலடியில் தீப்பெட்டிகள். அது இராட்டினமன்று, சுற்றாது. பாலமன்று, எதையும் எதனோடும் இணைக்காது. வீடுமன்று, கோவிலுமன்று, ஆலையுமன்று. நடுவில் வானம் மட்டும் இருந்தது.

“இது எதற்காக என்று எங்களுக்குச் சொல்லுங்கள்” என்றார் கேரல்.

ஆகா, எப்பேர்ப்பட்ட தலைப்பு! பயனா பயனின்மையா என்று இரு அணி பிரித்து இரவு முழுதும் பேசலாமே! நான் குரலைச் சரிசெய்துகொண்டு, பயிற்சி பெற்ற எந்தப் பேச்சாளரும் செய்வதைச் செய்தேன். அவைக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில்தான், ஆனால் இலக்கணம் நம்முடையது.

“பல்லாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெருமையோடு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய கேரல் அம்மையார் அவர்களே! காலத்தின் காவலராக விளக்குகளின் அருகே வீற்றிருக்கும் நேரக் காப்பாளர் அவர்களே! எனக்கு முன்பு பேசி, எனக்கு அச்சத்தை உண்டாக்கிச் சென்ற நண்பர் அவர்களே! எனக்குப் பின்பு பேசவிருப்பதால் இப்போது அச்சத்தோடு அமர்ந்திருக்கும் நண்பர் அவர்களே!”

பச்சை விளக்கு எரிந்தது. ஊக்கப்படுத்துகிறார்கள் என்று மகிழ்ந்தேன். என்னைக் காரில் சுமந்து வந்த வசந்தி ஆன்ட்டியின் பெருந்தன்மைக்குச் சென்றேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் மணி என்று புரிந்துகொண்டேன். முதல் மணிக்கெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாளர்கள் அசைவதில்லை. ‘நேரம் முடிந்தது’ என்று துண்டுச் சீட்டு வந்தாலும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற மரபு எங்களுடையது. அந்த நேரம் பார்த்துக் குளிரூட்டியைப் பழுது பார்க்க வந்தவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவரையும் அவையில் சேர்த்துக்கொண்டேன்.

சிவப்பு எரிந்தது. “ஆகவே பெரியோர்களே, இந்த வளையமானது...” என்று நான் பொருளுக்குள் கால் வைத்தேன்.

கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் வந்தால் பேச்சை நிறுத்தி, அது அடங்கிய பிறகு தொடர்வதுதான் முறை. நிறுத்தினேன். அது அடங்கவில்லை. புன்னகைத்தேன். இன்னும் வலுத்தது. தலைதாழ்த்தினேன். எழுந்து நின்று தட்டினார்கள். கேரல் வந்து என் கையைப் பற்றிக் குலுக்கி, அப்படியே கையை விடாமல் என்னை நாற்காலிவரை அழைத்துச் சென்று உட்கார வைத்தார். நேரம் கடந்தவரைக் கைதட்டியே இறக்கிவிடுவதுதான் இந்த மன்றத்தின் வழக்கம் என்பதை, உட்கார்ந்த பிறகு வசந்தி ஆன்ட்டி என் காதில் சொன்னார்.

3

திரும்பும் வழியில் டோல்வே என்ற சுங்கச் சாலையில் கார் பறந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஆன்ட்டி மூடவில்லை.

“ஏம்மா ஷமீமா, ரெண்டு நிமிஷத்துல ரிங் பத்தி ஒரே ஒரு பாயின்ட் சொல்லக் கூடாதா? ஹலோ சொல்றதுக்கே டைம் போயிடுச்சே!”

“ஆன்ட்டி, அது ஹலோ இல்ல. அவை வணக்கம்.”

“அதத்தான் சொல்றேன். ஏசி ரிப்பேர் பண்ண வந்தவனக்கூட விடலியே நீ!”

“அவரும் அவையிலதான நின்னாரு?”

“அவன் பயந்து ஓடிட்டான்மா.”

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் கார் பக்கத்துத் தடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகு அவரே எனக்கு ஆறுதலாக வளையத்துக்கு விளக்கம் கொடுத்தார். “எனக்கு என்ன தோணுது தெரியுமா? யாரோ ஒரு ஜயன்ட் பொண்ணுக்கு எங்கேஜ்மென்ட் ஆயிருக்கு. மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டுக் கை கழுவப் போயிருக்கா. திரும்பி வந்தா, எங்க வெச்சோம்னு ஞாபகம் இல்ல. நான் என் வைர மோதிரத்த ஹூஸ்டன் ஹோட்டல்ல விட்டேனே, அதே கதைதான்.”

மறுநாளே அந்தப் படம் எங்கள் உறவு வட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவள் நான்தான். தோற்ற தலைப்பை விட்டுவிட்டு உறங்குகிறவள் நான் இல்லை.

ரியாஸ் ஒரு பார்வையிலேயே தீர்ப்பளித்தார். “இது லோடிங் சிம்பல். சீனாவ யாரோ ரீஸ்டார்ட் பண்ணிருக்கான். இன்னும் ஓப்பன் ஆகல.”

“மச்சான், லோடிங் சிம்பல்னா சுத்தணும்ல?”

“ஹேங் ஆயிருச்சு.”

மேலப்பாளையத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் வாப்பா, படத்தைப் பார்த்த அடுத்த நிமிடமே அழைத்தார். “ஏ புள்ள, இது டயருல்லா! நடுவுல ரிம்மு இன்னும் போடல. லாரி பின்னால வரும்.”

“வாப்பா, இம்புட்டுப் பெரிய டயரு போட்ட லாரி எந்த ரோட்டுல ஓடும்?”

“ரோட்ட அவனுவ அடுத்த வாரமே போட்டுருவானுவ. சீனாக்காரன் வேகம் ஒனக்குத் தெரியாது.”

பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “அவுக கெடக்காக. அது அடுப்பு பர்னருளா. கேஸு தீந்துபோயிருக்கும்.”

ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்து அந்த ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தார்கள், எல்லாமே பொருந்தின. அதுதான் எனக்குப் பெருந்தொல்லையாகிவிட்டது. எதிரணியின் வாதம் தவறென்றால் வெட்டலாம். எல்லா வாதங்களும் சரியாக இருந்து, எனக்கென்று ஒரு வாதம் இல்லாமல் போனால் என்ன செய்வது? அடுத்த கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. அதில் முன்தயாரிப்போடு ஐந்து நிமிடம் பேசலாம். எனக்கு வளையத்தைத் தவிர வேறு தலைப்பு வேண்டியிருக்கவில்லை. வளையத்துக்கோ என்னிடம் விடை இருக்கவில்லை. விடையின்றிப் போனால் மேடை இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து நம்மவர்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் நான் தொண்டாசிரியை. என் வகுப்புப் பிள்ளைகள் நான் பேசும் தமிழை முழுமையாகப் புரிந்துகொள்வார்கள். முழுமையாக ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். “சாப்பிட்டாயா?” என்றால் “யெஸ், மிஸ்.” “என்ன சாப்பிட்டாய்?” என்றால் “பீட்சா, மிஸ்.” இந்த இரண்டாம் பதிலுக்கு மட்டும் தமிழில் மாற்று இல்லை என்பதால் விட்டுவிடுவேன்.

அந்த ஞாயிறு நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு வளையத்தின் படத்தைக் காட்டினேன். இது எதற்கு? தமிழில்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் என்றேன்.

ஆதித் என்ற வாண்டு துள்ளி எழுந்தான். “மிஸ், இட்ஸ் எ போர்ட்டல்!”

“எதிரணிக்கு ஒன்று.”

“நோ நோ! மிஸ், அது... கதவு! மேஜிக் கதவு! அந்தப் பக்கம் சீனா, இந்தப் பக்கம் டெக்சஸ். அதான் நம்ம ஊர்ல இவ்ளோ காத்து!”

பிளானோவின் காற்றில் குடை பறிகொடுத்த எவரும் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்னொருத்தி, டைனோசர்கள் கூடைப்பந்து விளையாடின, பலகையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டன, வளையம் மட்டும் மிச்சம் என்றாள். வடைக்கு நடுவே ஓட்டை போடும் ஊர் அது என்றான் ஒருவன். அப்படியானால் ஓட்டையிலிருந்து எடுத்த மாவு எங்கே என்று நான் குறுக்கு விசாரணை செய்தேன். “நாங்க சாப்டுட்டோம், மிஸ்!” என்று வகுப்பே கத்தியது. தமிழில்!

அப்போது மீரா எழுந்தாள். வசந்தி ஆன்ட்டியின் கடைக்குட்டி. அதுவரை என் வகுப்பில் ‘மே ஐ கோ டு த ரெஸ்ட்ரூம்’ என்பதற்கு மேல் பேசாதவள். முன்னால் வந்து நின்றாள். துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல் தோளைத் தட்டிக்கொண்டாள். வலக்கையை நான் வீசுவதுபோலவே வீசினாள்.

“மரியாதைக்குரிய மிஸ் அவர்களே! எப்பவும் ஒர்க் ஆகாத ப்ரொஜெக்டர் அவர்களே! ஹோம்ஒர்க் செய்யாத ஆதித் அவர்களே! வடை மாவ சாப்ட்ட திருடர்கள் அவர்களே! ஃபீவர்னு சொல்லிட்டு இன்னிக்கு பர்த்டே பார்ட்டிக்குப் போன சஞ்சனா அவர்களே! கதவு வெளியில நிக்கற அங்கிள் அவர்களே! அங்கிளோட காபி அவர்களே!”

மூச்சு வாங்க நிறுத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “அய்யோ, டைம் முடிஞ்சிடுச்சு. நன்றி, வணக்கம்!”

அன்று காரில் நடந்த உரையாடல் ஆன்ட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வந்திருக்கிறது என்பது விளங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அதற்குள் வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றது. எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டுமாம். ‘அவர்களே’ என்று ஒவ்வொருவரும் முழங்கியபோது, அழைக்கப்பட்டவன் நாற்காலியில் ஓர் அங்குலம் நிமிர்ந்ததை நான் கவனித்தேன். காபிக் கோப்பையோடு வாசலில் நின்ற அந்தத் தகப்பனார்கூட நிமிர்ந்தார். பிள்ளையை அழைத்துப்போக வந்தவர், மணியடித்தும் நகரவில்லை.

5

வகுப்பு முடிந்து ரியாஸும் நானும் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் வளாகத்துக்குக் கறிவேப்பிலையும் ஆட்டுக்கறியும் வாங்கப் போனோம். அங்கே புதிதாக ஒரு டிபன் கடை வரவிருந்தது. வாசலுக்குச் சற்று முன்னால், நடைபாதையின் குறுக்கே, சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன்களால் ஒரு பெரிய வளைவு. கண்ணாடிக் கதவிலோ, மாலையில்தான் திறப்பு என்ற தாள்.

கடை பூட்டியிருந்தது. ஆனால் மக்கள் வளைவுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அகலமான வண்டி நிறுத்துமிடம் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. சுற்றிக்கொண்டு போக எந்தத் தடையும் இல்லை. ஒரு தாய் குழந்தை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து உள்ளே புகுந்தார். அரிசி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த வெள்ளைக்காரர், நெடியவர், தலையைக் குனிந்து, பலூனைத் தொடாமல், சிரித்துக்கொண்டே கடந்து போனார். கடந்தவர் எவர் முகமும் வந்த முகமாக இல்லை.

நானும் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

“கடை பூட்டிருக்குல்லா? எதுக்கு உள்ள போய்ப் போய் வர்ற?” என்றார் ரியாஸ்.

“சும்மா.”

“சும்மாவா? கறிக்கடைல டோக்கன் வாங்கிட்டு வந்திருக்கேன்டி!”

எனக்குக் கறிக்கடை கண்ணில் தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சாலை தெரிந்தது. மாநாடு என்றால், திருமணம் என்றால், மீலாது விழா என்றால் சாலையின் குறுக்கே வரவேற்பு வளைவு எழும். விழா முடிந்து நாற்காலிகளை ஏற்றிச் சென்ற பிறகும் வளைவு நாலைந்து நாள் நிற்கும். அழைப்பிதழ் இல்லாத டவுன் பஸ்ஸும், மாவு மில்லுக்குப் போகிற சைக்கிளும், போட்டிக்குப் போகிற நானும் அதன் கீழே புகுந்துதான் போவோம். யாருக்கான வளைவு என்று எவரும் கேட்டதில்லை. கீழே நடந்தால் நமக்கானது.

“மச்சான்! கண்டுபிடிச்சிட்டேன்!”

“கறிவேப்பிலையா?”

“வளையம்!”

அந்த வளாகத்திலேயே, பலூன் வளைவின் கீழே நின்று, என் உரையின் முதல் பகுதியை ரியாஸுக்கு நிகழ்த்திக் காட்டினேன். டோக்கன் எண் கடந்துபோய்விட்டது. அன்று எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு.

6

இரண்டாம் கூட்டத்தில் நான் எழுந்து நின்றதும் நேரக் காப்பாளர் விளக்குகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அறை முழுதும் புன்னகை. வணக்கங்களுக்குத் தயாராகச் சிலர் நிமிர்ந்தும் உட்கார்ந்தார்கள். நான் ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

“போன முறை ஒரு படத்தைக் காட்டி, இது எதற்காக என்று கேட்டீர்கள். நான் விடை சொல்லவில்லை என்று எண்ணியிருப்பீர்கள். இல்லை நண்பர்களே, நான் சொன்னது விடையை மட்டும்தான்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

பிறகு எதிரணிகளை ஒவ்வொன்றாக அழைத்து வந்தேன். மறதிக்கார மணப்பெண் வந்தாள். உறைந்துபோன கணிப்பொறி வந்தது. வாப்பாவின் லாரி வந்தபோது கேரல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உம்மாவின் எரிவாயு தீர்ந்த அடுப்பும், டைனோசர்களின் கூடைப்பந்தும், டெக்சசுக்குக் காற்று அனுப்பும் கதவும் வந்து சேர்ந்தன. உச்சியில் நின்று ஊரைப் பார்ப்பதற்காகவே கட்டினார்கள் என்று சொல்வோரையும் விட்டுவைக்கவில்லை. ஊரைப் பார்க்க ஒரு கோபுரம் போதும். பெரிய ஓட்டை எதற்கு என்று கேட்டேன்.

“எங்கள் ஊரில் மாளிகைக்கு முன்னால் வளைவு கட்டுவார்கள். இந்த நகரமோ வளைவை மட்டும் கட்டியது. அதுவும் பாதியில் நிறுத்த மனம் வராமல் வட்டம் முழுவதையும் கட்டிவிட்டது. அதைத் தாண்டினால் மண்டபம் இல்லை, மேடை இல்லை, விருந்து இல்லை. ‘வாருங்கள்’ என்ற ஒரே சொல்லை எஃகில் எழுதி வானத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் வாதம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கும் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த நகரம் நன்றாகப் புரிகிறது. நானும் அந்த ஊர்க்காரிதான்.”

மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். அப்போது தொடங்கினேன் வணக்கத்தை. கேரல் அம்மையார் அவர்களே, நேரக் காப்பாளர் அவர்களே, இன்று எட்டிப் பார்க்காத குளிரூட்டி நண்பர் அவர்களே. கடைசி ‘அவர்களே’ முடிவதும் சிவப்பு எரிவதும் ஒன்றாக நிகழ்ந்தன. கைதட்டினார்கள். இந்த முறை நான் உட்கார்ந்த பிறகும் தட்டினார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. வென்றவர் டக் என்ற ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த ஓர் ஆட்டை அவர் இறக்கிய கதையைச் சொல்லியிருந்தார். நேர்மையாகச் சொல்கிறேன், நல்ல பேச்சு. ஆட்டின் பிடிவாதம் என் கண்முன் நின்றது. ஆனாலும் தோல்வி தோல்விதான். உம்மாவின் அடுப்படிக்கு இந்த முறை புதுக் கோப்பை எதுவும் போகாது என்று நினைத்துக்கொண்டேன். வசந்தி ஆன்ட்டி என் கையைப் பிடித்து, “ஆட்டுக்கிட்ட தோத்தா அசிங்கம் இல்லம்மா” என்றார்.

அப்போது கேரல் எழுந்தார். விழாவைத் தொடங்கிவைத்து, வந்தவர்களை வரவேற்க ஒருவர் வேண்டும் என்று நகரத்தார் கேட்டிருக்கிறார்களாம். ஆண்டுதோறும் யாரும் முன்வருவதில்லையாம். அவர் கேள்வியை முடிக்கவில்லை. அறையில் இருந்த அத்தனை விரல்களும் என் பக்கம் திரும்பின. ஆன்ட்டியின் இரண்டு கைகளும்.

வாசகர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் மேடையில் வரவேற்புரையை யாருக்குக் கொடுப்பார்கள்? பேச வராதவருக்கு, பந்தல் செலவைப் பகிர்ந்துகொண்டவருக்கு, விட்டால் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சப்படுபவருக்கு. கல்லூரியில் என்னை ஒருமுறை வரவேற்புரை ஆற்றச் சொன்னபோது, தலைமை உரை என்றால் சொல்லுங்கள் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தவள் நான். அந்தச் செருக்கு இப்போதும் தொண்டைவரை வந்தது. ஆனால் சற்று முன்புதான் சீனத்து நகரம் ஒன்றுக்காக, வரவேற்பே முழுமையானது என்று ஐந்து நிமிடம் வாதாடி அமர்ந்திருக்கிறேன். என் வாதத்தை நானே மறுத்தால் எதிரணி சிரிக்காதா?

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?” என்றார் கேரல்.

“விளக்கு உண்டா?”

“அந்த மேடையில் விளக்கே கிடையாது, ஷமீமா.”

ஷமீமா! காதர் இல்லை. முதன்முறையாக.

விழா நாளில் வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. புல்தரை முழுக்கக் குடும்பங்கள், மடக்கு நாற்காலிகள், நாய்கள். ரியாஸ் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதற்குள் மேலப்பாளையம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. உலகத்தில் அதைவிட இனிய ஒலி வேறொன்று உண்டென்று எவரும் என்னோடு வாதிட வேண்டாம்.

நான் தொடங்கினேன். மேயரிலிருந்து எலுமிச்சைச் சாறு விற்றவர்வரை, டக்கிலிருந்து அவர் இறக்கிய ஆடுவரை ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு வரிசையும் தன் முறை வந்தபோது நிமிர்ந்தது. தன் பெயர் வராத கூட்டம் கைதூக்கித் தன்னை நினைவூட்டியது. நாய்க்காரர்கள் நாய்களைத் தூக்கிக் காட்டினார்கள். கடைசியாகப் புல்தரையின் ஓரத்தில் அமர்ந்திருந்த என் தமிழ் வகுப்பை நோக்கி, தமிழிலேயே, “என் அன்புக்குரிய மாணவச் செல்வங்களே, வணக்கம்!” என்றேன்.

“மிஸ் அவர்களே!” என்று மீராவின் குரல் முதலில் எழுந்தது. “வணக்கம்! அங்கிளோட காபி அவர்களே எங்கே?” என்று வகுப்பே முழங்கியது. புரியாத கூட்டமும் சேர்ந்து கைதட்டியது. கேரல் என்னை இறக்க வரவில்லை. அவரும் தட்டிக்கொண்டு நின்றார்.

என்ன பொருள் பற்றிப் பேசினாய் என்று வாப்பா பிறகு கேட்டார். எதைப் பற்றியும் இல்லை என்றேன். “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது டயருதான்” என்றார்.

ஆகவே, முதல் வரியில் நிறுத்தி வைத்ததை இப்போது உரியவர்களிடம் ஒப்படைக்கிறேன். இந்தப் பக்கத்தை இதுவரை பொறுமையோடு படித்துவந்த பெரியோர்களே! பாதியில் கண் அயர்ந்து இந்த வரியில் விழித்துக்கொண்ட நண்பர்களே! தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஓசியில் படிக்கும் பக்கத்து இருக்கைக்காரர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் பிளானோவிலிருந்து ஷமீமாவின் வணக்கம்.

வாருங்கள்.